ஜப்பான் குழுக்களில் சேரலாமா? சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஜப்பானிய மொழி, பண்பாடு சார்ந்து நடக்கும் நிகழ்ச்சிகளில் தன்னார்வலராக வேலை செய்கிறேன். வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம்தான் வருகிறவர்கள் எல்லோரும் சந்தேகம் கேட்பார்கள் என்பதால், ஒரே மாதிரிக் கேள்விகள் வருடக்கணக்கில் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் தட்டுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே விட்டிருக்கிறேன். எந்த அமைப்பின் சார்பாகவும் எழுதவில்லை. கட்டணம், வகுப்பு நேரம் போன்றவை மாறிக்கொண்டே இருப்பதால் அவற்றை அந்தந்த அமைப்பிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜப்பான் குழு, சங்கம்னு சொல்றீங்களே, அதெல்லாம் என்ன? யார் நடத்துறாங்க?

பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள்தான். ஜப்பானுக்குப் போய்த் தொழிற்பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்று இருக்கிறது, அதன் பெயர் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய், தமிழ்நாடு மையம். தோசோகாய் என்றால் முன்னாள் மாணவர் சங்கம். சென்னையில் ஜப்பானிய மொழி படித்தவர்களில் பலர் அந்தச் சங்கத்தின் வகுப்பறைகளைத் தாண்டி வந்தவர்கள். இந்தோ-ஜப்பான் தொழில் வர்த்தக சபை வணிகத்துக்காகத் தொடங்கியது, ஆனால் பண்பாட்டு வேலைகளும் செய்கிறது. அப்புறம் இகெபானா எனும் மலர் அலங்காரக் கலையைக் கற்பவர்களின் கிளைகள், கராத்தே, ஐகிடோ பயிற்சிக்கூடங்கள், மொழி மாணவர்கள் தாங்களாகவே கூடிப் பேசிப் பழகும் சின்னச் சின்ன வட்டங்கள்.

அரசு சார்ந்தவை வேறு. ஜப்பானின் துணைத் தூதரகம் சென்னையில் இருக்கிறது. 1972-இல் தொடங்கப்பட்ட ஜப்பான் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் இந்திய அலுவலகம் புது டில்லியில் இருக்கிறது. பாடநூல், ஆசிரியர் பயிற்சி, ஓரளவு நிதியுதவி எல்லாம் அங்கிருந்து வரும். அரங்கில் நாற்காலி போடுவதும் வாசலில் பெயர் எழுதிக்கொள்வதும் மேலே சொன்ன குழுக்களின் ஆட்கள்.

சென்னைக்கும் ஜப்பானுக்கும் அப்படி என்ன உறவு? எதுக்கு இங்க இவ்வளவு குழுக்கள்?

இதற்குக் காரணம் தொழிற்சாலைகள். 1959-இல் ஜப்பானில் ஏஓடிஎஸ் என்ற பயிற்சி அமைப்பு உருவானது. வளரும் நாடுகளின் பொறியாளர்களையும் தொழிலாளர்களையும் மேலாளர்களையும் அழைத்துவந்து, கொஞ்சம் மொழி கற்றுக்கொடுத்து, பிறகு நிறுவனங்களுக்குள் அனுப்பிப் பழக்குவது அதன் வேலை. அதன் பின்னால் இருந்தவர் ஹொசுமி கொயிச்சி. டோக்கியோவில் ஆசிய மாணவர்கள் ஒன்றாகத் தங்குவதற்கு 1960-இல் திறக்கப்பட்ட ஆசியா புங்கா கைகான் என்ற விடுதியும் அவர் முயற்சிதான். ஏபிகே என்பது அந்த விடுதி. அங்கே தங்கிப் படித்தவர்களும் ஏஓடிஎஸ் பயிற்சி பெற்றவர்களும் ஊர் திரும்பித் தொடங்கிய சங்கங்கள் இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கின்றன, சென்னைச் சங்கம் அவற்றில் ஒன்று.

தமிழ்நாட்டில் இது வேர்விட்டதற்கு இங்கிருந்த வாகன உதிரிபாகத் தொழிலும் ஒரு காரணம். தர மேலாண்மைக்காக ஜப்பானில் தரப்படும் டெமிங் பரிசை 1998-இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு பெற்றது, இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுதான். 2002-இல் டிவிஎஸ் மோட்டார் பெற்றது. அந்த வருடங்களில் ஜப்பானிய ஆலோசகர்கள் இங்கே வருவதும், இங்கிருந்து ஆட்கள் அங்கே போவதும் சாதாரணமாக இருந்தது. பிறகு ஒரகடம் பக்கம் நிசான் வந்தது, கோமட்சு வந்தது, கூடவே மொழிபெயர்ப்பாளர் தேவையும் வந்தது. இயந்திரத்தைக் கற்கப் போனவர்கள் அந்த ஊர் மனிதர்கள் மேல் பிரியத்தோடு திரும்பி வந்து, தாங்கள் பெற்றதை அடுத்தவர்களுக்கும் கொடுக்க நினைத்தார்கள். சென்னைக் குழுக்களின் இயல்பை இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

மத்த நாட்டுலயும் இப்படித்தானா?

இல்லை, யார் தொடங்கினார்கள் என்பதைப் பொறுத்து ஊருக்கு ஊர் வேறு மாதிரி. லண்டனில் உள்ள ஜப்பான் சொசைட்டி 1891-இல் ஜப்பானியக் கலை, மொழியில் ஆர்வம் கொண்டவர்கள் தொடங்கியது, நியூயார்க்கில் இருப்பது 1907-இல். இவை சொற்பொழிவு, கண்காட்சி என்று வளர்ந்தவை. பிரேசில் கதை வேறு. 1908 ஜூனில் கசாட்டோ மாரு என்ற கப்பலில் 781 ஜப்பானியர்கள் சாந்தோஸ் துறைமுகத்தில் இறங்கிக் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சாவோ பாலோவில் நடத்தும் சங்கங்களுக்கு, சொந்த மொழி கைநழுவிப் போகாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை. மலேசியாவிலோ ரீயூனியனிலோ தமிழ்ச் சங்கம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நம் பக்கத்தில் பெங்களூரில் வருடா வருடம் நடக்கும் ஜப்பான் ஹப்பா என்ற விழா, புனேயில் ஜப்பானின் ஒகயாமாவோடு உள்ள நட்பின் பெயரால் அமைந்த தோட்டம் இவையெல்லாம் போய்ப் பார்க்கவேண்டியவை.

ஜாப்பனீஸ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. வரலாமா?

தாராளமாக. பொது நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும், வந்திருப்பவர்களில் பாதிப்பேர் தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சு வட்டத்துக்கு மட்டும் ஹிராகானா எனும் அடிப்படை எழுத்துவரிசையும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள நான்கு வாக்கியமும் தெரிந்துகொண்டு வந்தால் உங்களுக்கே நன்றாக இருக்கும்.

எனக்கு 58 வயசு. இப்போ போய்ப் படிச்சா சிரிப்பாங்களா?

யாரும் சிரிக்க மாட்டார்கள். ஓய்வுபெற்ற பிறகு தொடங்கி, மகள் வேலை பார்க்கும் நகோயாவுக்குப் போய்க் கடையில் தனியாகச் சாமான் வாங்கிய அம்மாக்களை எனக்குத் தெரியும். இளைஞர்கள் வேலைக்காகப் படிக்கிறார்கள், வேலை கிடைத்ததும் போய்விடுகிறார்கள். உங்கள் வயதுக்காரர்கள்தான் குழுவில் நிலைத்து நிற்பவர்கள், எங்களுக்கு உண்மையிலேயே நீங்கள் வேண்டும்.

வகுப்புல சேர்ந்தா போதாதா? குழு எதுக்குத் தனியா?

வகுப்பு தேவைதான், அது இல்லாமல் இலக்கணம் வராது. ஆனால் வகுப்பில் உங்களோடு பேசுபவர் உங்களுக்குப் புரியவேண்டும் என்று நிதானமாகப் பேசும் ஆசிரியர். வெளியே ஒருவர் அப்படிப் பேச மாட்டார். குழுவில் ஒசாகாக்காரர் ஒருவர் தன் வட்டார வழக்கில் பேசுவார், பக்கத்தில் இருப்பவர் புரியாமல் தலையாட்டுவார், மூன்றாமவர் விளக்குவார். மொழி அந்த இடத்தில்தான் உடம்பில் ஏறுகிறது.

இன்னொன்று. இந்தியாவில் பெரும்பாலான வகுப்புகளில் பயன்படும் மின்னா நோ நிஹோங்கோ என்ற பாடநூல், ஏஓடிஎஸ் தன் பயிற்சியாளர்களுக்காக உருவாக்கிய பழைய பாடநூலின் வழியில், பொது மாணவர்களுக்காக 1998-இல் வந்தது. அதில் ஏன் இவ்வளவு அலுவலகம், இவ்வளவு பயணப்பை, இவ்வளவு கூட்டம் என்று மாணவர்கள் கேட்பார்கள். மேலே சொன்ன தொழிற்சாலைக் கதையின் தொடர்ச்சிதான் அது. பாடநூலில் இல்லாத ஜப்பானுக்கு, அதாவது பாட்டிகளும் சண்டைகளும் சமையலறையும் உள்ள ஜப்பானுக்கு, மனிதர்களிடம்தான் போகவேண்டும்.

தமிழ் தெரிஞ்சா ஜாப்பனீஸ் ஈஸின்னு சொல்றாங்களே, நிஜமா?

வாக்கிய அமைப்பில் நிஜம். வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு மாதிரி ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் வரும், "என்று சொன்னார்" என்பதில் "என்று" நிற்கும் இடத்திலேயே அவர்களுக்கும் ஒரு ஒட்டு நிற்கும். "சாப்பிட்டுப் பார்" என்று நாம் சொல்வதை அவர்களும் சாப்பிடு, பார் என்ற இரண்டு வினைகளைச் சேர்த்து "தபெதே மிரு" என்பார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லாமல் "போயிட்டு வரேன்" என்பதும் இரண்டு பக்கமும் உண்டு. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் இதற்கெல்லாம் ஒவ்வொரு விதியாக மனப்பாடம் செய்யவேண்டும். நமக்கு அது ஏற்கெனவே வாயில் இருக்கிறது. குறில் நெடில் வேறுபாடும் நமக்குப் பழக்கம். ஒஜிசான் என்றால் மாமா, ஒஜீசான் என்றால் தாத்தா.

இடறும் இடமும் உண்டு. நம் எழுத்தில் க, த, ப வரிசையில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் ஒரே எழுத்து. ஜப்பானியத்தில் வானிலைக்கும் (tenki) மின்சாரத்துக்கும் (denki) உள்ள வித்தியாசம் முதல் எழுத்தின் அந்த ஒலி மட்டும்தான், தமிழில் இரண்டையும் தென்கி என்றுதான் எழுதவேண்டி வரும். ஆகவே நோட்டில் தமிழெழுத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே விட்டுவிடுங்கள். ஹிராகானா அடிப்படை எழுத்துகள் 46தான், இரண்டு வாரத்தில் வந்துவிடும்.

இதை வைத்து "ஜப்பானியம் தமிழிலிருந்து பிறந்தது" என்று மேடையில் பேசுகிறார்கள். ஒனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று நிறைய எழுதினார், தமிழுக்காக உழைத்தவர் என்ற மரியாதை அவருக்கு உரியது. ஆனால் ஒப்பியல் மொழியியலாளர்களில் பெரும்பான்மையினர் அவர் வாதத்தை ஏற்கவில்லை. அமைப்பு ஒத்திருப்பது வேறு, ஒரே குடும்பமாக இருப்பது வேறு.

ஜேஎல்பிடி என்5, என்4 எல்லாம் என்ன கணக்கு?

ஜேஎல்பிடி என்பது 1984-இல் தொடங்கிய மொழித்திறன் தேர்வு. முதலில் நான்கு நிலை இருந்தது, 2010 முதல் ஐந்து. என்5 தொடக்கம், என்1 உச்சம். ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறில் நடக்கும், சென்னையும் ஒரு மையம். மொத்தம் 180 மதிப்பெண். என்5-க்கு 80, என்4-க்கு 90, என்3-க்கு 95, என்2-க்கு 90, என்1-க்கு 100 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. கேட்டல் பிரிவில் 60-க்கு 19 வரவில்லை என்றால் மற்றதில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் தோல்விதான், இதில் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. விண்ணப்பிக்கும் காலம் தேர்வுக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே முடிந்துவிடும், கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

என்3 பாஸ் பண்ணிட்டேன், ஆனா வாய் திறந்தா ஒண்ணும் வரலை. என்ன பண்றது?

அந்தத் தேர்வில் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. கொடுத்திருக்கும் விடைகளில் ஒன்றைக் குறிப்பதுதான். ஆகவே உங்கள் நிலைமை ரொம்ப சகஜம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பேச்சு வட்டத்துக்கு வாருங்கள், வந்து முதல் சில வாரம் ம் கொட்டப் பழகுங்கள். உண்மையாகவே சொல்கிறேன். ஜப்பானியர் பேசும்போது எதிரே இருப்பவர் வாக்கியத்துக்கு வாக்கியம் "ஹாய்" (ஆமாம்), "ஏ", "சோ தெசு நே" (அப்படித்தான்) என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். அது இல்லையென்றால் பேசுபவர் நிறுத்திவிட்டு, புரியவில்லையோ என்று உங்கள் முகத்தைப் பார்ப்பார். நம் வீட்டில் பாட்டி கதை சொல்லும்போது ம் கொட்டாவிட்டால் நிறுத்திவிடுவாரே, அதே கதைதான். இதைச் சரியாகச் செய்தாலே உரையாடல் நகரும், நகர்ந்தால் உங்கள் முறை வரும், வரும்போது ஒரு சின்ன வாக்கியம் போதும். தைரியம் வந்தபிறகு ஜப்பானிய மொழிப் பேச்சுப்போட்டியில் சேருங்கள். மண்டலச் சுற்றில் வென்றால் இறுதிச் சுற்றுக்கு டில்லி போகலாம்.

இகெபானான்னா பூ வைக்கிறதுதானே? அதுல படிக்க என்ன இருக்கு?

ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தட்டையான தட்டில் கொஞ்சம் தண்ணீர், அதற்குள் கென்சான் எனும் கனமான உலோகக் கட்டி, அதன் மேல் ஊசிகள் நெருக்கமாக நிற்கும். தண்டைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டவேண்டும், காற்று ஏறினால் பூ சீக்கிரம் வாடும். சோகெட்சு எனும் இகெபானா பள்ளியின் முதல் பாடத்தில் மூன்று முக்கியக் கிளைகள். முதலாவதன் நீளம் தட்டின் அகலம், உயரத்தைக் கூட்டி அதைப்போல ஒன்றரை மடங்கு. இரண்டாவது அதில் முக்கால், மூன்றாவது இரண்டாவதில் முக்கால். செங்குத்துக் கோட்டிலிருந்து முறையே 15, 45, 75 பாகை சாய்த்துக் குத்தவேண்டும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் முருங்கைக் கிளையை வைத்து இதைச் செய்யும்போது அது எந்தப் பக்கம் சாய விரும்புகிறது என்று பார்ப்பதிலேயே அரை மணி போய்விடும்.

பள்ளிகள் பல. கியோட்டோவின் ரொக்காகுதோ கோயிலில் வேர் கொண்ட இகெனோபோதான் பழையது. ஒஹாரா பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. சோகெட்சு 1927-இல். எந்தப் பள்ளிக்காரரும் சேரலாம் என்று 1956-இல் டோக்கியோவில் எல்லன் கார்டன் ஆலன் என்ற அமெரிக்கப் பெண்மணி தொடங்கிய இகெபானா இன்டர்நேஷனல் உலகம் முழுக்கக் கிளை பரப்பியிருக்கிறது. செர்ரிக் கிளை தேடி அலையவேண்டாம். தென்னம்பாளை, வாழைப்பூ, அரளி, கொன்றை இருக்க வேறென்ன வேண்டும்? இந்த ஊர்ச் செடியைப் புரிந்துகொண்டு வைத்த அலங்காரத்தைத்தான் வருகிற ஜப்பானியர்கள் நின்று பார்க்கிறார்கள்.

விழான்னா என்னென்ன நடக்கும்? பசங்களைக் கூட்டிட்டு வரலாமா?

கண்டிப்பாகக் கூட்டி வாருங்கள். ஜூலையில் தனாபதா, ஆசைகளைக் காகிதத்தில் எழுதி மூங்கில் கிளையில் கட்டுவது. பிள்ளைகள் இதற்கே அடித்துக்கொள்வார்கள். காகித மடிப்பு, தூரிகை எழுத்து, யுகாதா எனும் பருத்தி உடையை உடுத்திப் பார்ப்பது எப்போதும் உண்டு. ஒபோன் எனும் முன்னோர் திருநாளின் போன் நடனம் வட்டமாக ஆடுவது, பார்த்துக்கொண்டே கற்றுக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது மார்ச் 3-ஆம் தேதி வரும் ஹினா பொம்மைத் திருநாள். சிவப்புத் துணி விரித்த படிகள், உச்சியில் அரசரும் அரசியும், அடுத்த படியில் மூன்று பணிப்பெண்கள், அதற்கடுத்து ஐந்து இசைக்காரர்கள். முழுத் தொகுதி என்றால் ஏழு படி, 15 பொம்மை. கொலு வைக்கும் வீட்டுப் பெண்கள் இதைப் பார்த்ததும் யாரும் அறிமுகம் செய்துவைக்காமலேயே ஜப்பானியப் பெண்களோடு பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். திருநாள் முடிந்ததும் பொம்மைகளை உடனே எடுத்து வைக்காவிட்டால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. அதைச் சொன்னதும் நம் மாமிகள் பக்கத்திலிருந்து வரும் கதைகளுக்கு மொழிபெயர்ப்பாளர் திணறிப்போவார்.

நாங்க சுத்த சைவம். சாப்பாடு எப்படி?

கேட்டுச் சாப்பிடுங்கள். மேலே காய்கறி மட்டும் தெரிந்தாலும் சாறு பெரும்பாலும் கட்சுஓபுஷி எனும் காய்ந்த மீன் சீவலில் செய்தது, மிசோ எனும் சோயா விழுதில் செய்யும் சூப்பும் அப்படித்தான். "இறைச்சி இல்லை" என்று அவர் சொல்வதில் மீன் சேராமல் போகலாம், பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். கொம்பு என்ற கடற்பாசியிலோ ஷீடாக்கே காளானிலோ சாறு எடுக்கச் சொன்னால் சந்தோஷமாகச் செய்து தருவார்கள். சென்னை நிகழ்ச்சிகளில் சைவத்துக்குத் தனி மேசை வைக்கும் வழக்கம் இருக்கிறது, இல்லாவிட்டால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

ஜப்பான்காரங்ககிட்ட என்ன பண்ணக் கூடாது? தப்பா நினைச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு.

நேரத்துக்கு வாருங்கள். பத்து மணி என்றால் பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால். இது ஒன்றைச் செய்தாலே பாதிக் கவலை தீர்ந்தது. பெயரோடு மரியாதைக்குச் "சான்" சேர்த்துக் கூப்பிடுங்கள், உங்கள் பெயரோடு நீங்களே சேர்த்துக்கொள்ளாதீர்கள். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைப்பதும், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றுவதும் அவர்களுடைய சாவுச் சடங்கைச் சேர்ந்தவை, அதைத் தவிருங்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குச் சொல்லித்தரவே வேண்டாம்.

நாம் "ஆமாம்" என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது அவர்களுக்கு "இல்லை" போலத் தெரியும். வாயாலும் சொல்லிவிடுங்கள். அவர்கள் பக்கம், "கொஞ்சம் கஷ்டம்" என்று இழுத்தால் முடியாது என்று அர்த்தம், விடாமல் வற்புறுத்தாதீர்கள்.

போன வருஷம் பழகின ஜப்பான் நண்பர்கள் இந்த வருஷம் ஒருத்தர்கூட இல்லையே, ஏன்?

நிறுவனங்கள் அவர்களை மூன்று முதல் ஐந்து வருடத்துக்குத்தான் இங்கே அனுப்புகின்றன, மாற்றம் பெரும்பாலும் ஏப்ரலை ஒட்டி வரும். பேச்சு வட்டத்தைத் தாங்கிப்பிடித்த இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே மாதத்தில் கிளம்பிவிடுவது எல்லாக் குழுவுக்கும் நடப்பது. தேநீர்ச் சடங்கு தெரிந்தவர் ஒருவர் வந்து சேர்ந்தால் அந்த இரண்டு வருடம் தேநீர், அவர் போனால் நின்றுவிடும். அதனால்தான் உள்ளூர்க்காரர்கள் கற்றுக்கொண்டு நடத்தவேண்டும் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது. போனவர்களோடு தொடர்பை விடாதீர்கள், புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து அனுப்பினால் அவர்களுக்கு அது பெரிய விஷயம்.

சேர்ந்தா ஜப்பான்ல வேலை வாங்கித் தருவீங்களா?

மாட்டோம். இவை வேலைவாய்ப்பு நிலையங்கள் இல்லை. வேலைக்கான வழிகளை அறிந்தவர்கள் அங்கே இருப்பார்கள், அவ்வளவுதான்.

பொதுவாகத் தெரிந்துகொள்ளவேண்டியது இது. பட்டதாரிப் பொறியாளராகப் போவது ஒரு பாதை, அதற்குப் பல நிறுவனங்கள் என்2 கேட்கும். 2019 ஏப்ரலில் தொடங்கிய குறிப்பிட்ட திறன் பணியாளர் விசா இன்னொன்று. முதியோர் பராமரிப்பு, உணவுத் தயாரிப்பு, விவசாயம் போன்ற துறைகளுக்கு என்4 அல்லது ஜேஎஃப்டி-பேசிக் என்ற அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வும் துறைத் தேர்வும் வேண்டும். இதற்காக இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் செய்தன.

ஒரு ஏஜென்ட் மூணு லட்சம் கேக்குறார், உங்க சங்கத்தோட டை-அப்னு சொல்றார். கட்டலாமா?

கட்டாதீர்கள். முதலில் அந்தச் சங்கத்துக்கு ஃபோன் செய்து கேளுங்கள், ஐந்து நிமிட வேலை. பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த முகவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி என்று உச்சவரம்பு இருக்கிறது. முன்பணப் பிணையம் வாங்குவதையும், நடுவில் விலகினால் அபராதம் என்று எழுதி வாங்குவதையும் குறிப்பிட்ட திறன் பணியாளர் விசாவில் ஜப்பான் அனுமதிப்பதில்லை. நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு வந்து கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருப்பதில்லை, அதனால் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்.

உதவித்தொகையோட படிக்கப் போக முடியுமா?

முடியும். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை கல்விக் கட்டணம், விமானச் செலவு, மாதத் தொகை எல்லாம் தரும். தூதரகம் வழியாகவோ ஜப்பானியப் பல்கலைக்கழகம் வழியாகவோ விண்ணப்பிக்கலாம், ஆராய்ச்சி மாணவர் பிரிவுக்கு 35 வயதுக்குக் கீழ் இருக்கவேண்டும். ஆராய்ச்சித் திட்டத்தை எழுதி முடித்ததும் போய்வந்த ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். குழுவால் கிடைக்கும் மிகப்பெரிய உதவி இதுதான், யாரும் இதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

அனிமே மட்டும்தான் பார்ப்பேன். என்னை மதிப்பாங்களா?

மதிப்பார்கள். இன்றைக்கு வகுப்புக்கு வரும் இளைஞர்களில் பெரும்பங்கு அப்படித்தான் வருகிறார்கள், காது அவர்களுக்கு நன்றாகப் பழகியிருக்கும். அனிமேயில் கேட்ட "நீ, நான்" சொற்களை மட்டும் பெரியவர்களிடம் அப்படியே பேசிவிடாதீர்கள், நம்மூரில் பெரியவரை "டேய்" என்று கூப்பிட்டது போல ஆகிவிடும்.

எங்க தாத்தாவை மலாயாவிலிருந்து சயாம் ரயில் போட இழுத்துட்டுப் போனாங்க, திரும்பி வரலை. நான் எப்படி இந்த விழாவுல கைதட்டுறது?

இந்தக் கேள்வியைக் கேட்டவரை நான் மறக்கவில்லை. 1942, 43-இல் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதையை ஜப்பானிய ராணுவம் போட்டது. செத்துப்போன நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கு மேல். ஆசியக் கூலிகளின் சாவு அதைப்போலப் பல மடங்கு, அவர்களில் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளம். கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது, நம்மவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட முழுதாக இல்லை.

கைதட்டித்தான் ஆகவேண்டும் என்று ஒன்றும் இல்லை. வராமல் இருப்பதும் உங்கள் உரிமை. வந்தால், இதைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன். நான் பழகிய இளைய ஜப்பானியர் பலர் இந்த ரயில்பாதையைப் போர்க்கைதிகளோடு மட்டும் தொடர்புபடுத்தித்தான் கேள்விப்பட்டிருந்தார்கள், தமிழர்கள் செத்தது தெரியாது. பேச்சு வட்டத்தில் ஒருவர் தன் குடும்பக் கதையைச் சொன்னபோது, வயதான பொறியாளர் ஒருவர் குறுக்கே பேசாமல் கேட்டு, ஊர்ப் பெயர்களை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். இதையெல்லாம் இங்கே பேசாதீர்கள் என்று எந்தக் குழுவாவது சொன்னால் தவறு அந்தக் குழு மேல். இதைப் பேச முடியாத இடத்தில் பூ அடுக்கி என்ன பயன்?

நாமதான் அவங்க மொழியைப் படிக்கிறோம். அவங்க தமிழ் படிக்கிறாங்களா?

எண்ணிக்கை குறைவு, ஆழம் அதிகம். நொபோரு கராஷிமா சென்னைப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் படித்து, சோழர் காலக் கல்வெட்டுகளிலிருந்து நில உரிமை, ஊர் அமைப்பு பற்றி எழுதியவர். 1995-இல் தஞ்சாவூரில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டின்போது உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்தார், 2013-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இங்கே வந்து தங்கியிருப்பவர்களிலும் பரதநாட்டியம், கர்நாடக இசை கற்பவர்கள் உண்டு, ஓட்டுநரோடு பேசுவதற்காகத் தமிழ் கற்றவர்களும் உண்டு. உங்களால் வாரம் ஒரு மணி நேரம் தமிழ் சொல்லித்தர முடியும் என்றால் பதிலுக்கு அவர் ஜப்பானியம் சொல்லித்தருவார். மேலே என்3 கேள்வி கேட்டவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

நாங்க மதுரை. இங்க ஒண்ணும் இல்லை. நாங்களே ஒரு குழு ஆரம்பிக்க முடியுமா?

முடியும், முதலில் பதிவு, லெட்டர்பேட், தலைவர், செயலாளர் என்று போகாதீர்கள். மாதம் ஒரு ஞாயிறு, ஒரே இடம், ஒரே நேரம். நூலகமோ பள்ளி வகுப்பறையோ போதும். ஜப்பான் ஃபவுண்டேஷனின் இரோதோரி பாடநூலை இணையத்தில் இலவசமாக இறக்கலாம், ஒலிப்பதிவும் உண்டு, அதை வைத்துத் தொடங்குங்கள். பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஜப்பான் போய்வந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள், மேலே சொன்ன முன்னாள் பயிற்சியாளர் சங்கம் வழியாகத் தேடுங்கள்.

ஒரு வருடம் நிற்காமல் நடந்தால் பதிவு பற்றி யோசிக்கலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். பணம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஜப்பானிலிருந்து ஒரு நண்பர் அன்போடு நன்கொடை அனுப்புகிறேன் என்றாலும், வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி இல்லாமல் சங்கத்தின் பெயரில் வாங்கக் கூடாது. ஜப்பானிய அமைப்பு தரும் நிதிக்கும் இதே விதி, ஆடிட்டரைக் கேட்காமல் கணக்கு எண் கொடுக்காதீர்கள். ஆரம்பத்தில் டீச் செலவைப் பகிர்ந்துகொண்டாலே போதும். முதல் ஞாயிறு நாலு பேர்தான் வந்தார்கள் என்றாலும் அடுத்த மாதத் தேதியை அன்றைக்கே சொல்லி அனுப்புங்கள்.